சேவல் இறகில் ஓர் இறால்

பஹாமாஸ் நாட்டின் ஐந்து காசு நாணயத்தில் அன்னாசிப்பழம் இருக்கிறது. பத்து காசு நாணயத்தில் இரண்டு மீன்கள். அன்னாசி, நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாட்டு உழவர்கள் கப்பலேற்றி அனுப்பிய பயிர். எலூத்தரா தீவில் இன்னும் கொஞ்சம் விளைகிறது. பெயர் சொல்ல மட்டும்தான். பத்து காசு மீன்கள் அப்படியில்லை. நாட்டின் பல தீவுக் கிராமங்களில் இன்றைக்கும் அடுப்பு எரிய அவைதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மீனை யாரும் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. வலை போட்டுப் பிடிப்பது குற்றம். விற்பதும் வாங்குவதும் குற்றம். பிறகு எப்படிச் சோறு போடுகிறது? வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருபவர்கள், ஒரு நாளைக்குப் பல நூறு டாலர் கொடுத்து அந்த மீனைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் கொண்டுவருவது புழுவும் கிடையாது, உயிர் இறாலும் கிடையாது. சேவல் இறகு, கன்றுக்குட்டி வால் மயிர், மினுமினுக்கும் நாடா, கொஞ்சம் நூல் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பொய் இறால்.

பாறைக் குழியில் வாழை

இந்தத் தொழில் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது ஆண்ட்ரோஸ் தீவு. பஹாமாஸ் தீவுகளிலேயே பெரியது. தலைநகர் நசாவிலிருந்து சிறு விமானத்தில் கால் மணி நேரம். பரப்பில் நமது திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்; ஆனால் வசிப்பவர்கள் எட்டாயிரம் பேர்கூட இல்லை. ஒரே தீவு என்று பெயரே தவிர, கடல் குறுக்கே புகுந்து அதை மூன்று நான்கு துண்டாக்கி வைத்திருக்கிறது. உள்ளே போனால் பைன் மரக்காடு, சதுப்பு, கழிமுகக் கால்வாய்கள், அலையாத்திப் புதர்கள். ஊர்கள் ஏறக்குறைய எல்லாம் கிழக்குக் கரையில்தான். மேற்குக் கரை பெரும்பாலும் ஆளில்லாத சேற்றுக் கடல்.

வேளாண்மை என்று பார்த்தால் கண்ணில் நீர் வரும் இடம். முழுத் தீவும் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் தோல் போர்த்தியது போல மண். ஏர் ஓட்ட வழியே கிடையாது. மழைநீர் பாறையை அரித்து ஆங்காங்கே குழிகளை உண்டாக்கியிருக்கிறது. அந்தக் குழிகளில் இலைச்சருகும் மண்ணும் சேரும். மக்கள் அதில் வாழை நடுவார்கள். அந்தக் குழிகளுக்கே 'வாழைக் குழி' என்ற பெயர் நிலைத்து, நிலவியல் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. குழிக்கு ஒரு மரம், இரண்டு மரம். ஏக்கர் கணக்குச் சொல்ல முடியாத விவசாயம்.

இந்த மண்ணில் பெருந்தோட்டம் போட்டு மண்ணைக் கவ்வியவர் ஒருவர் உண்டு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான நெவில் சேம்பர்லின். 1891-ல், 22 வயதில், அவருடைய தந்தை அவரை இந்தத் தீவுக்கு அனுப்பினார். பயிர், கயிறு திரிக்க நார் தரும் சிசால் கற்றாழை. நம் ஊரில் ரயில் கற்றாழை என்பார்களே, அதன் உறவு. 20,000 ஏக்கர் எடுத்து, காட்டை வெட்டி, குடிசையில் தங்கி ஆறு வருடம் பாடுபட்டார். கற்றாழை எங்கும் வளரும் என்று நம்பிவிட்டார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர் என்பதும், ஆழமில்லாத மண்ணில் லாபம் தரும் பயிர் என்பதும் வேறு வேறு சங்கதிகள். 1897-ல் தோட்டத்தைக் கைவிட்டுக் கப்பலேறியபோது குடும்பத்துக்கு நஷ்டம் சுமார் 50,000 பவுண்டு. மண்ணை ஒரு கைப்பிடி தோண்டிப் பார்த்திருந்தால் மிச்சப்பட்டிருக்கும் பணம்.

அதன்பின் தீவு மக்கள் கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்தார்கள். 1938-39-ல் கடற்பஞ்சுக்கு நோய் வந்து, ஓரிரு ஆண்டுக்குள் அந்த வளம் ஏறக்குறைய முழுவதும் போனது. ஆண்ட்ரோஸின் நல்ல தண்ணீரைக்கூட, அது குறைவாக உள்ள நசாவுக்குப் பல ஆண்டுகள் கப்பலில் அனுப்பிப் பார்த்தார்கள். நிலம் கைவிட்டு, கடற்பஞ்சும் கைவிட்ட ஊர்களில்தான் முழங்கால் ஆழத் தண்ணீரில் திரியும் அந்த வெள்ளி மீன் மெல்ல மதிப்புப் பெற்றது.

தலைகீழாக மேயும் மீன்

கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் கணுக்கால், முழங்கால், மிஞ்சினால் இடுப்பளவு. அடியில் வெள்ளைச் சேறும் மணலும், திட்டுத் திட்டாகக் கடற்புல்லும். மீன்பிடிப்போர் இதை 'ஃப்ளாட்ஸ்' என்கிறார்கள். சமதளமான, ஆழமற்ற கடல்வெளி. ஓதம் ஏறும்போது நனைந்து, வற்றும்போது சில இடங்களில் காய்ந்தே போகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மூன்று அடிதான் வித்தியாசம். ஆனால் தரை தட்டையாக இருப்பதால் அந்த மூன்றடித் தண்ணீர் மைல் கணக்கில் பரவும். கிழக்கே பவளப்பாறையைத் தாண்டினாலோ கடல் திடீரென்று ஒரு மைலுக்கு மேல் ஆழமாகிவிடுகிறது.

தண்ணீர் ஏறும்போது அதனுடனேயே மேய வருவது 'போன்ஃபிஷ்'. முள் மீன் என்று பொருள் கொள்ளலாம். சதை முழுக்க ஊசி ஊசியாக முள். சாப்பிடலாமா என்று கேட்கத் தோன்றும். சாப்பிடலாம், தீவு மக்கள் சுட்டும் வேகவைத்தும் தின்றவர்கள்தான். ஆனால் பொறுமை வேண்டும்.

உடல் கண்ணாடி போன்ற செதில். அடியில் உள்ள மணலின் நிறத்தை அப்படியே பிரதிபலிப்பதால் பக்கத்தில் நின்றாலும் மீன் தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். மூக்கு முன்னால் நீண்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும். மூக்கால் சேற்றைக் கிளறி இறால், சிறு நண்டு, சிப்பி ஆகியவற்றைத் தேடும். தொண்டையில் அம்மிக்கல் போல எலும்புத் தட்டுகள். ஓட்டோடு நசுக்கி விழுங்கிவிடும். தண்ணீர் மிகக் குறைவாக உள்ள இடத்தில் தலையைக் கீழே விட்டு மேயும்போது வால் வெளியே வந்து வெயிலில் பளபளக்கும். அந்த வாலைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து வருகிறார்கள்.

மேய்ச்சல் நிலம் முழங்கால் ஆழம் என்றாலும் முட்டையிடும் இடம் வேறு. குளிர்காலத்தில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில், ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து, இருட்டியபின் ஆழ்கடல் விளிம்புக்குப் போய் முட்டையிட்டுவிட்டுத் திரும்புகின்றன. குஞ்சு கண்ணாடி நாடா போல ஒன்றிரண்டு மாதம் கடலில் மிதந்து, பிறகு கரை சேரும். ஓரிடத்தில் மேய்ச்சலைக் காத்து இன்னோரிடத்தில் அந்தக் கூட்டத்தின் வழியை மறித்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால், கூட்டம் சேரும் இடங்களைக் கண்டறிந்து பாதுகாக்கச் சொல்கிறார்கள் மீன் ஆய்வாளர்கள்.

ஒரு விரல்கடை இறால் கட்டுவது எப்படி?

ஆண்ட்ரோஸில் பிறந்து உலகம் முழுக்கப் பரவிய பொய் இறால் ஒன்றுக்குப் பெயர் 'கிரேசி சார்லி'. 1977-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பாப் நாஹைம், ஆண்ட்ரோஸ் வழிகாட்டி சார்லி ஸ்மித்துடன் மீன்பிடிக்கும்போது கட்டியது. உண்மையில் நாஹைம் மனதில் வைத்துக் கட்டியது கண்ணாடி போன்ற சிறு மீனை. மீன்கள் அதை இறாலாகவே எடுத்துக்கொண்டன. இறால் தாவுவது போலத் தாவியதால் வந்த வினை அது. இன்னொன்று 'காட்சா'. அதுவும் ஆண்ட்ரோஸ் சரக்குதான். வாடகைக் காரின் தரைவிரிப்பிலிருந்து கத்தரித்த இழையில்தான் முதலில் கட்டினார்கள் என்று மீன்பிடிப்போர் வட்டத்தில் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, அந்த மங்கலான பழுப்பு நிறம் இன்றுவரை மாறவில்லை.

கட்டும் விதம் பூத்தொடுப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நூலை இறுக்கமாகப் பிடித்துச் சுற்றுவதுதான் முழு வித்தையும்.

மேசையோரம் ஒரு சிறு வைஸில் தூண்டில் முள்ளின் வளைவைக் கவ்வவைக்க வேண்டும். உப்புநீரில் துருப்பிடிக்காத முள். நீளம் ஒரு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நரம்பு கோக்கும் காதுக்குப் பின்னாலிருந்து இளஞ்சிவப்பு நூலைத் தண்டின்மேல் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அடுத்து கண். சாவிக்கொத்தில் தொங்கும் மணிச்சங்கிலி இருக்கிறதல்லவா, அதிலிருந்து இரண்டு மணிகளை ஒட்டினாற்போல வெட்டி, தண்டின் மேல்பக்கம் குறுக்கே வைத்து, எட்டு போட்டதுபோல் நூலால் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

இந்த இரண்டு மணிகள் அழகுக்காக வைத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரில் விழுந்ததும் கனமான பக்கம் கீழே போகும். முள் புரண்டு, கூர் மேல்நோக்கி நிற்கும். அப்போதுதான் புல்லிலும் பாறையிலும் மாட்டாமல் அடியோடு அடியாக இழுக்க முடியும். மீனுக்கும் மேல்தாடையில்தான் குத்தும். இன்னொரு பயனும் உண்டு. இழுத்துவிட்டு நிறுத்தினால் மணியின் கனத்தில் தலை சாய்ந்து கீழே இறங்கும். பயந்த இறால் ஒரு தாவு தாவிவிட்டு மண்ணில் பதுங்குவதும் இதே மாதிரிதான்.

கண் உட்கார்ந்தபின் வளைவருகே முத்துநிற நாடாவைக் கட்டி, அதன் நுனியைப் பிரித்துவிட்டால் வால். மிச்ச நாடாவைத் தண்டின்மேல் முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு. இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பிக் கவ்வவைத்து, கூர் இருக்கும் பக்கத்தில், பழுப்புநிற மயிர் ஒரு சிட்டிகை, மினுக்கு இழை மூன்று நான்கு. இது சிறகு. முன்காலத்தில் இதற்கு சேவல் இறகின் நுனிகளை வைத்தார்கள்; பிறகு கன்றின் வால் மயிர் வந்தது; இப்போது பொம்மைக்கு ஒட்டும் செயற்கை மயிரும் பயன்படுகிறது. புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு மயிரை அள்ளி வைப்பது. இறால் உடம்பு ஊடுருவித் தெரிய வேண்டும். அடர்த்தியாகக் கட்டினால் துடைப்பம் போலத்தான் இருக்கும், இறங்கவும் செய்யாது. கடைசியில் காதருகே நூலை முடிச்சிட்டு நகப்பூச்சு ஒரு துளி. பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை.

கால்கள் வேண்டுமென்று நினைப்பவர்கள் ஒரு சேவல் இறகை உடம்பைச் சுற்றி வளைத்துக் கட்டுவார்கள். இறகின் இழைகள் சிலிர்த்துக்கொண்டு கால்கள் போல அசையும். சில வகைகளில் கண்ணைக் காதுப்பக்கம் வைக்காமல் வளைவுப்பக்கம் வைப்பார்கள். இறால் ஆபத்தில் வாலை அடித்துப் பின்பக்கமாகத் தாவும் என்பதால், இழுக்கும்போது தலை மீனைப் பார்த்தபடி பின்வாங்குவது போலத் தெரியும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒரே விதிதான்: அடித்தரையின் நிறம். வெள்ளை மணலில் வெளிர்நிறம், சேற்றில் பழுப்பு, புல்லில் பச்சை கலந்த பழுப்பு. இறாலே அப்படித்தானே தன்னை ஒளித்துக்கொள்கிறது. கனமும் ஆழத்தைப் பொறுத்தது. கணுக்கால் தண்ணீருக்கு மணியே இல்லாமல் கட்டியது வேண்டும். இல்லையென்றால் 'தொப்' என்ற சத்தத்தில் மீன் கலைந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் ஓட்டம் இருந்தால் மணிக்குப் பதில் ஈயக்கண்.

இறகுக்காகவே ஒரு கோழிப்பண்ணை

கோழி வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. தூண்டில் கட்டும் இறகுக்காகவே அமெரிக்காவில் தனியாகச் சேவல் வளர்க்கிறார்கள். கொலராடோ மாநிலத்தில் இதற்கென்றே பெரிய பண்ணை இருக்கிறது. முட்டையும் கறியும் அங்கே கணக்கில் வருவதில்லை. கழுத்து இறகும் முதுகு இறகும் நீளமாக, ஒல்லியாக, எண்ணிக்கையில் நிறைய வரும்படி பல தலைமுறை தேர்ந்தெடுத்துக் கலப்பு செய்த சேவல்கள். சண்டையில் இறகு கெடாமலிருக்கத் தனித்தனிக் கூண்டு. கறிக்கோழியை ஆறு வாரத்தில் விற்பவர்களுக்கு, ஒரு சேவலைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் தீனி போட்டு வளர்ப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தோலின் விலை பத்துக் கறிக்கோழியின் விலையைத் தாண்டும். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் அந்த நீள இறகைத் தலைமுடியில் செருகிக்கொள்ளும் நாகரிகம் கிளம்பி, தூண்டில்காரர்களுக்கு இறகே கிடைக்காமல் விலை எங்கோ போனது.

அந்தப் பண்ணைகள் வளருமுன் இந்த இறகுகள் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் போய்க்கொண்டிருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்குக்கூட இதில் பங்கு உண்டு. மெழுகு பூசியதுபோல் புள்ளிகள் கொண்ட அதன் கழுத்து இறகு, ஐரோப்பிய சால்மன் தூண்டிலுக்குப் பெயர் போனது. அந்த ஆசையில் காட்டுக்கோழிகள் ஏராளமாக வேட்டையாடப்பட்டு, பின்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடை வந்ததே நல்லது; பல காடுகளில் காலையில் அதன் குரல் இன்னும் கேட்கிறது. கடைகளில் விற்கும் பொய் இரைகளில் பெரும்பங்கு இப்போது கென்யா, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் பட்டறைகளில் கையால் கட்டப்படுகிறது. கட்டுபவர்களில் பலர் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் போன்ஃபிஷ்ஷைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

பதினொரு மணி, நாற்பது அடி

பெஹ்ரிங் பாயின்ட், கார்கில் கிரீக், மாங்குரோவ் கே போன்ற ஊர்களில் வழிகாட்டியின் நாள், ஓதத்தின் கணக்கைப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுக் காலை எட்டு மணிக்கு மீன் வந்த திட்டுக்கு இன்று எட்டு மணிக்குப் போனால் வெறும் தண்ணீர்தான். எந்தக் கால்வாயில் முதலில் ஏறும், எந்தத் திட்டில் கடைசியாக வற்றும், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் சேறு கலங்கும் என்பதெல்லாம் வழிகாட்டியின் தலைக்குள் இருக்கிறது. அப்பாவுடனும் மாமாவுடனும் சிறுவயதில் நண்டும் சங்கும் பொறுக்கப் போனபோது படிந்த அறிவு அது. வாய்க்கால் பாசனத்தில் எந்த மடையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று தெரிந்த பெரியவர்களிடம் இருக்குமே, அதே வகை.

திட்டை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்பக்க மேடையில் ஏறி நின்று, இருபதடி நீளக் கோலை ஊன்றிச் சத்தமில்லாமல் படகைத் தள்ளுகிறார். விருந்தாளி முன்பக்கம் தூண்டிலோடு நிற்பார். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. அதைவைத்து, "பதினொரு மணி, நாற்பது அடி" என்று வழிகாட்டி சொல்வார். விருந்தாளி அந்தத் திசையில் முறைத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. கண் கூசாத போலராய்டு கண்ணாடி போட்டிருந்தாலும் தெரியாது. தண்ணீரைப் பார்க்காமல் தண்ணீருக்குள் தரையைப் பார்க்கப் பழக இரண்டு நாளாவது ஆகும்.

பொய் இறாலுக்குக் கனம் இல்லை. கல் எறிவது போல எறிய முடியாது. அதனால் தடித்த மிதவைக் கயிறுதான் கனம். ஒன்பதடிக் கம்பை முன்னும் பின்னும் வீசி, கயிற்றைக் காற்றில் சாட்டை போல நீட்டி, அதன் நுனியில் ஒன்பது முதல் பன்னிரண்டு அடி மெல்லிய நரம்பில் இறாலைப் பறக்கவிட்டு இறக்க வேண்டும். பஹாமாஸில் காற்று ஓய்வதே அபூர்வம். மீனின் தலையில் விழுந்தால் கூட்டமே கலையும். பத்தடி தள்ளி விழுந்தால் அது பார்க்கவே பார்க்காது. மீன் வரும் வழியில் நாலைந்து அடி முன்னால் விழ வேண்டும்.

விழுந்ததும் அடியில் இறங்கும்வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு முடிவதில்லை. பிறகு கயிற்றை இடக்கையால் ஒரு சாண் இழு, நிறுத்து. மறுபடி ஒரு சாண். மீன் திரும்பிப் பின்தொடரும். வாலும் உடம்பும் படபடக்கும். இன்னொரு மெல்லிய இழுப்பில் குனிந்து எடுத்துவிடும்.

பல மாதம் காசு சேர்த்து வந்தவர்கள் தோற்பது இந்த நொடியில்தான். ஆற்றுமீன் பிடித்துப் பழகிய கை, மீன் தொட்டதும் கம்பைச் சடாரென்று மேலே தூக்கும். இறால் மீனின் வாய்க்கு எட்டாமல் எகிறிப்போகும், மீனும் போய்விடும். கம்பைத் தாழ்த்தித் தண்ணீரை நோக்கியே வைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டிருந்த கயிற்றையே இன்னும் ஒரு நீள இழுப்பு இழுக்க வேண்டும். அப்போது முள் ஏறும். ஏறாவிட்டாலும் இறால் இரண்டடி தாவியதாக நினைத்து மீன் மறுபடி வரும். வழிகாட்டிகள் ஒரு நாளில் அதிகம் தடவை சொல்லும் வார்த்தை இந்த 'இழு' என்பதாகத்தான் இருக்கும்.

முள் ஏறிய மீன் ஓடும் ஓட்டம் தனி. மூன்று நான்கு பவுண்டு மீன், நூறு கெஜம் கயிற்றை ஒரே மூச்சில் ரீலிலிருந்து உருவிக்கொண்டு போகும். அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் நரம்பு அறும். ஓடவிட்டு, நின்றதும் சுற்றி, மறுபடி ஓடவிட்டுத்தான் கொண்டுவர முடியும்.

தண்ணீரைவிட்டு எடுக்காதீர்கள்

அந்த மீன் உயிரோடு திரும்பிப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விட்டோம், நீந்திப் போனது, உயிர் பிழைத்தது என்று நினைத்துக்கொள்வது எளிது. எலூத்தரா தீவில் ஆய்வாளர்கள் விடுவித்த மீன்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். களைத்துப் போய், நிமிர்ந்து நீந்த முடியாமல் சாய்ந்த மீன்கள், நிமிர்ந்து நீந்திய மீன்களைவிட ஆறு மடங்குக்கு மேல் சுறாவுக்கும் மற்ற வேட்டை மீன்களுக்கும் இரையாகின. படம் எடுப்பதற்காகத் தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் தூக்கிப் பிடித்த மீன்கள்தான் அதிகம் சாய்ந்தன.

அதனால் நல்ல வழிகாட்டிகள் படத்துக்கு முகம் சுளிக்கிறார்கள். முள்ளின் கொக்கிப் பல்லை முன்பே இடுக்கியால் நசுக்கி வைப்பார்கள். அப்போது ஒரு திருகில் கழலும். காய்ந்த கையால் தொட்டால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும் என்பதால் கையை நனைத்துக்கொள்வார்கள். முடிந்தவரை மீனைத் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். அருகில் சுறா சுற்றினால் அன்றைக்கு அந்தத் திட்டில் மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டு வேறிடம் போகிறவர்களும் உண்டு. பணம் கொடுத்த விருந்தாளியிடம் "போதும்" என்று சொல்வது லேசான காரியமில்லை.

அவர்களுக்கு அதில் கணக்கும் இருக்கிறது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த மீன்பிடிப்பால் பஹாமாஸ் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு சுமார் 14 கோடி டாலர் கிடைப்பதாக மதிப்பிட்டது. நசாவின் பெரிய விடுதிகளுக்குப் போகும் சுற்றுலாப் பணம் வேறு. இது நேராகத் தூரத்துத் தீவு ஊர்களுக்குப் போவது: படகுக்காரர், விடுதிச் சமையல்காரம்மா, துணி வெளுப்பவர், டாக்ஸிக்காரர், ரொட்டி சுடுபவர். போன்ஃபிஷ் பத்தொன்பது, இருபது வருடம்கூட வாழும். ஒரே மீன் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வலையில் வாரினால் ஒரே ஒரு வேளைக் குழம்பு, அதுவும் முள்ளோடு.

ஆனாலும் இரவில் வலை போடுபவர்கள் இல்லாமல் இல்லை. பெரிய தீவு, காவலுக்கு ஆள் குறைவு. பசித்த வீட்டில் சட்டம் பேசுவது கடினம் என்பதும் உண்மை. ஒவ்வொரு ஊரிலும் வழிகாட்டிகளே கண்காணிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். சொந்தக்காரனிடமே சண்டை போட நேர்கிறது. மேற்குக் கரையை 2002-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2012-ல் அதைச் சுமார் 15 லட்சம் ஏக்கராக விரிவாக்கினார்கள். 2017 முதல் வெளிநாட்டவர் இந்த மீன்பிடிப்புக்கு உரிமம் எடுக்க வேண்டும். விதி வந்தபோது பெரிய வாக்குவாதம் நடந்தது. வெளிநாட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு கவலை, தீவு வழிகாட்டிகளுக்கு இன்னொரு கவலை. யாருடைய கடல் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

புயல் இன்னொரு பயம். 2016-ல் மேத்யூ புயல் ஆண்ட்ரோஸின் வடக்கே ஊர்களைப் புரட்டிப்போட்டது. 2019-ல் டோரியன் புயல் அபாகோ, கிராண்ட் பஹாமா தீவுகளில் அலையாத்திக் காடுகளை ஏக்கர் ஏக்கராகக் கருக்கிவிட்டுப் போனது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். பின்பு பாதுகாப்பு அமைப்புகளோடு வழிகாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து, முளைவிட்ட அலையாத்திக் காய்களைச் சேற்றில் ஊன்றினார்கள். ஒரு கையகல நாற்று, காடென்று சொல்லும்படி ஆகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

மாலை நாலு மணிக்கெல்லாம் ஓதம் இறங்கிவிட்டால் படகு ஊருக்குத் திரும்புகிறது. விருந்தாளி குளிக்கப் போனபின் வழிகாட்டி படகைக் கழுவுகிறார். அன்று ஓடிய ரீலை நல்ல தண்ணீரில் அலசுகிறார். மூன்று மீன் கடித்து, சிறகு பாதி உதிர்ந்து, நூல் பிரிந்து தொங்கும் பொய் இறாலையும் தூக்கி எறிவதில்லை. அதையும் நல்ல தண்ணீரில் முக்கி, உப்புப் போக உதறி, தொப்பியின் விளிம்பில் குத்தி வைக்கிறார். மணிக்கண் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் மயிரும் நூலும் சுற்றினால் நாளைக்கு ஆகும். நாளைக்கு ஓதம் ஏற ஒன்பதாகிவிடும்.